காரணம், இரண்டு வரிகளுக்கு மேற்படாமல்

பெயர்: பிலிப்பு மரிஸ்டெல்லா.
பாலையூற்று. கோயிலுக்குப் பின் ஒழுங்கை.
வயது முப்பத்தெட்டு நடக்கிறது.
உயரம் ஐந்தடி ஓரங்குலம்,
மீன் சந்தைச் சுவரில் தராசுக்கார டானியல்
சோக்கட்டியால் கோடு கீறி அளந்தது.
பொலிஸ் அளந்தால் குறையலாம்.

தொழில் என்ற கட்டத்தில் 'கணக்கு' என்றேன்.
விடிய நாலு மணிக்குச் சூரையும் பாரையும்
எண்ணி எண்ணி ஐஸ் பெட்டியில் ஏற்றுகிறதை
வேறு எப்படி எழுதுவது?

மொழிகள்: தமிழ். சிங்களம், பேச மட்டும்.
தம்புள்ளை லொறிக்காரரோடு
பதினொரு வருசம் விலை பேசி வந்த சிங்களம்.
அதில் கிலோ இருக்கிறது, ஐஸ் இருக்கிறது,
நாறிப்போனதற்கு மட்டும் ஆறு சொல் இருக்கிறது.

அதை நம்பித்தான் திருக்கடலூர்ச் சவுந்தலா
போன மாரியில் என்னைப் பொலிசுக்குக்
கூட்டிக்கொண்டு போனாள்.
தமிழ் தெரிந்தவர் லீவு என்றார்கள்.
வாங்கில் இருந்தோம்,
நனைந்த நாயொன்றும் நாங்களும்.

'வயித்தில மிதிச்சவன்' என்றாள்.
'பேகுனா' என்று நான் சொன்னேன்.
சார்ஜன் எழுதினார். புத்தகத்தைத் திருப்பினார்.
அவள் ஒப்பம் வைத்தாள்.
அந்தப் பக்கத்தில் தமிழ்
அவளுடைய பெயர் மட்டும்தான்.

பின்னேரமே அவன் வீட்டுக்கு வந்துவிட்டான்,
வழியில் பாணும் வாங்கிக்கொண்டு.

மூன்றாம் நாள் சந்தையில்
லொறிக்கார விஜேரத்னவின் பெட்டிமேல்
ஒரு பெடியனின் செருப்பு.
'பேகுவாத?' என்று அவர் பாய்ந்தார்.
'நே ஐயே, பேகுனா' என்று பெடியன் கும்பிட்டான்.
அவர் சிரித்து விட்டுவிட்டார்.
என் கையில் பேனை அப்படியே நின்றது.

பேகுவா: மிதித்தான்.
பேகுனா: கால் பட்டுவிட்டது,
தெரியாமல், ஒருவர்மேலும் பிழையில்லாமல்.
வாவுக்கும் னாவுக்கும் நடுவில்
ஒரு ஆம்பிளை ஒளிந்துகொள்ள
இவ்வளவு இடம் இருந்திருக்கிறது.
இடம் கொடுத்தது நான்.

சவுந்தலாவிடம் இன்னும் சொல்லவில்லை.
செய்த உதவிக்கென்று
அவள் இப்பவும் முறுக்குக் கொண்டுவருகிறாள்.
தின்கிறேன்.

தொண்டர் பொலிஸ் என்றதும்
தம்பி றொக்சன் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினான்.
'அந்தக் காக்கி எங்கட கொடியில காய்ஞ்சால்
இந்த ஒழுங்கையில ஒருத்தரும்
எங்கட வீட்டில தண்ணி குடியாதுகள்.'
அவன் சொல்வதில் பொய்யில்லை.
அந்த நிறத்தைக் கண்டு கட்டிலுக்குக் கீழே கிடந்த
இரண்டு பிள்ளைகளில் ஒன்று அவன்.
மற்றது நான்.

'சம்பளமும் இல்லையாம்.'
'சாப்பாட்டுக் காசு தருவினம்.'
'எங்களுக்குச் சாப்பாடு இல்லையோ?'
அதற்குமேல் பேச்சில்லை.
கோப்பையைக் கழுவி வைத்தேன்.

விண்ணப்பிப்பதற்கான காரணம்?
'பொதுமக்களுக்குச் சேவை செய்ய.'
ஏகாம்பரம் வீதிப் போட்டோக்கொப்பிக் கடையில்
பெடியன் எட்டிப் பார்த்துச் சொன்னான்:
'அக்கா, எல்லாரும் இதைத்தான் எழுதினவை.'
இரண்டாவது வரியை வெறுமையாக விட்டேன்.
பேனை அங்கே கொஞ்சநேரம் நின்றதற்கு
ஒரு நீலப் புள்ளி அடையாளம்.

பஸ் நிலையத்தில் குந்தியிருக்கையில்
பின்னால் வந்தது மான்.
வடைக் கடதாசி, வாழைப்பழத் தோல்,
இந்த ஊர் மானுக்கு எதுவும் புல்தான்.
திரும்பினால், கிராம சேவகரின் முத்திரையில்
பாதி அதன் வாய்க்குள்.
இழுத்தேன். மிச்சம் வந்தது, எச்சிலோடு.

இனித் திரும்பவும் ஒருநாள் லீவு போடேலாது.
அப்படியே கொண்டுபோய் நீட்டினேன்.

'மொகத மே?' என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்,
கிழிந்த மூலையை விரலால் தூக்கி.

'முவெக்...' என்று தொடங்கி நின்றேன்.
கேவாவா, கேவுனாவா?
பின்னால் வரிசை நெளிந்தது.
மானை நினைத்துப் பார்த்தேன்.
நான் திரும்பினபோது
அது என் முகத்தை நன்றாகப் பார்த்தது.
பார்த்துக்கொண்டே மென்றது.

'கேவா' என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
ஊசி குத்திக் கோப்பில் போட்டார்.